திரும்பியது பதினேழு

செவ்வாய்ச் சந்தை கலைந்த இரவு.
கோபாலபுரம் சோதனைச் சாவடியில்
எண்ணுவது என் வேலை:
கொம்பு, காதுவில்லை, கோமாரி ஊசிச் சீட்டு.
எழுதுவது மலையாளத்தில், எண்ணுவது தமிழில்.
கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவளுக்கு
கை ஒரு மாநிலம், வாய் ஒரு மாநிலம்.

ஒன்றே முக்காலுக்கு வந்து நின்ற லாரியின் நெற்றியில்
மலையாள எழுத்தில்
ஹெர்மஸ்.
புனிதர்கள் பெயர் பார்த்திருக்கிறேன்,
குருவாயூரப்பன் துணையும் பிஸ்மில்லாவும்
தினம் வரும்.
இது யார்?

சைதலவிக்குத் தெரியவில்லை.
‘திருச்சூர்க்காரன்கிட்ட வாங்கின வண்டி.
அழிக்கணும்னா பெயிண்டுக்குக் காசு. அப்படியே கிடக்குது.’
சீட்டை நீட்டினார். பதினாறு உருப்படி.

கரண்ட் இல்லை. கணினி விழிக்கும்வரை
கைப்பேசியில் அவனைத் தேடினேன்.

கிரேக்கர் கும்பிட்ட சாமி. செருப்பில் சிறகு.
தூதன். வியாபாரிக்கும் காவல்,
அந்த வியாபாரியைக் கொள்ளையடிக்கிறவனுக்கும் காவல்.
இன்னும் கீழே, பொடி எழுத்தில், பெயரின் வேர்:
ஹெர்மா. கல்குவியல்.
வழி பிரியுமிடத்தில், ஒருவன் நிலம் முடியுமிடத்தில்
போகிறவர் வருகிறவர் போட்டுவிட்டுப் போன கல்.
முதலில் குவியல்தான்.
முகம் பிறகு வந்தது,
சிறகும் அப்பா அம்மாவும் அதற்கும் பிறகு.
இல்லை, சொல் இன்னும் பழையது,
கிரேக்கமே கிடையாது என்கிறவர்களும் உண்டாம்.
பின்னால் நடந்துகொண்டே போனால்
எந்தச் சொல்லிடம்தான் சீட்டு இருக்கும்?

நூறு கண்ணுள்ள காவல்காரன் ஒருவன்
ஒரே ஒரு பசுவைக் காத்தான்.
ஹெர்மஸ் கதை சொல்லிச் சொல்லியே
ஒவ்வொரு கண்ணாக உறங்கவைத்துக் கொன்றான்.
விசாரணை. குற்றமில்லை என்றவர்கள்
ஆளுக்கொரு கூழாங்கல்லை அவன் காலடியில் எறிய
அதுதான் முதல் குவியல் என்று ஒரு கதை.
வாசித்துக் கொட்டாவி விட்டேன்.
என் கம்பத்தில் நாலு கேமரா,
மூன்று குருடு.

டார்ச்சோடு ஏறி எண்ணினேன்.
பதினாறு சரியாக இருந்தது.
மூலையில் வைக்கோல் அசைந்தது.

ஈரம் காயாத கிடாரிக் கன்று.
ஜமீன் ஊத்துக்குளி தாண்டிப் பிறந்திருக்கும்.
தாய் நக்கிக்கொண்டிருந்தாள்,
அவள் காதில் மஞ்சள் வில்லை,
இவள் காதில் ஒன்றுமில்லை.

நிறைசினையை ஏற்றக்கூடாது, சட்டம்.
வில்லை இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது, அதுவும் சட்டம்.
‘ரப்பு தந்ததுங்க, நான் ஏத்தலை’ என்றார் சைதலவி.
அதற்கும் அந்த மொழியில் சொல் இருந்தது,
சற்றுமுன்தான் படித்தேன்.
வழியில் எதிர்பாராமல் கிடைப்பது ஹெர்மையோன்.
குவியலின்மேல் யாரோ வைத்துப்போன அத்திப்பழம்;
பசித்தவன் எடுத்துக்கொள்ளலாம்.
நான் எடுக்க முடியாது. என்னிடம் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது.

‘திருப்புங்க’ என்றேன்.

திருப்ப இடமில்லை.
பின்னால் நின்ற கள்ளு வண்டி முனகிக்கொண்டு விலக
ஹெர்மஸ் பின்னோக்கியே நகர்ந்தது,
சர்வே கல்லைத் தாண்டி,
பதினாறு முகமும் பாலக்காட்டைப் பார்த்தபடி
பொள்ளாச்சிக்குள் போயின.

பிறந்த அன்றே தொட்டிலைவிட்டு இறங்கி
அண்ணன் மாடுகளைத் திருடியவனாம் அவன்.
தடம் தெரியாதிருக்க
பின்னோக்கி நடத்திக்கொண்டு போனானாம்.

வைக்கோலுக்குள் திருடி உறங்கிக்கொண்டிருந்தாள்.

‘மேடம், பேருக்கு அர்த்தம் கிடைச்சுதா?’
சன்னலுக்கு வெளியே தலை.
‘கல்லு’ என்று கத்தினேன்.
இன்ஜின் இரைச்சலில் என்ன காதில் விழுந்ததோ,
‘கள்ளனா!’ என்று சிரித்தார்.
திருத்தவில்லை.

கரண்ட் வந்தது. பதிவேட்டில் மலையாளத்தில் எழுதினேன்:
வந்தது பதினாறு.
திரும்பியது பதினேழு.
குறிப்பு என்ற கட்டத்தில் ஏதும் எழுதத் தோன்றாமல்
பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்,
கூழாங்கல் அளவுக்கு.