ஏழாவது வரி

குத்தாயிசியில் மூன்று நாளாக மழை.
ரியோனி ஆறு பாலத்தின் கழுத்துவரை ஏறி
இறங்க மனமில்லாமல் ஓடுகிறது.
மினிபஸ் பணிமனையின் மாடியில்
ஹீட்டருக்கும் சுவருக்கும் நடுவே என் மேசை.
பயணிகள் தொலைத்ததைப் பட்டியலிடும் செயலி.
ஒரு பெட்டி, ஒரு பொத்தான், கீழே பட்டியல்.
பெட்டியில் தட்டுவது பட்டியலில் தெரிய வேண்டும்,
அவ்வளவுதானே என்று சொல்லித்தான்
சம்பளம் பேசினார்கள்.

அவ்வளவு இல்லை.

எங்கள் ஜார்ஜிய எழுத்துகளுக்கு வால் நீளம்.
வரியின் உயரமோ வேறு யார் எழுத்துக்கோ அளந்தது.
முதல் நாள் முழுக்க
வால் அறுந்த பல்லிகளாய்
கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தன.
உயரத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.
பிறகு வெறும் இடைவெளியைத் தட்டி அனுப்பினேன்.
பட்டியல் அதையும் மரியாதையாக வாங்கி
ஒரு வெள்ளை வரியாக்கி வைத்தது.
தடுத்தேன்.
மேலாளரின் பெயரை நூறு முறை ஒட்டினேன்,
மனிதர் திரைக்கு வெளியே வழிந்தார்.
இரண்டாம் வரியோடு
மூன்று புள்ளி வைத்து நிறுத்தினேன்.

ஏழாவது சோதனைக்குச் சொல் தீர்ந்துவிட்டது.
சன்னலைப் பார்த்துக்கொண்டே தட்டினேன்:
"நீலக் குடை. மரப்பிடி. ஒரு கம்பி ஒடிந்தது."

திங்களன்று செயலி ஊருக்குள் போனது.
சோதனை வரிகளை அழித்திருந்தேன்,
ஆறை.

வியாழன் மதியம் வாஷா கீழிருந்து கத்தினார்.
கவுண்டரில் ஒரு பெண்.
கோட்டுக்குள் மருந்துக்கடையின் வெள்ளை அங்கி,
தலையில் பிளாஸ்டிக் பை.
நானுலி என்று நோட்டில் எழுதியிருந்தார் வாஷா.
கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள்.
முதல்முறையாக என் வரியை
இன்னொருவர் கையில் வாசித்தேன்.
எழுத்தின் வால் ஒன்றுகூட வெட்டுப்படவில்லை.
"இது என்னுடையது" என்றாள்.

வாஷா அலமாரியைத் திறந்து காட்டினார்:
ஒற்றைக் கையுறை பதினொன்று,
பாதி தின்ற ஒரு சுர்ச்கேலா,
உள்ளே குழல் இல்லாத புல்லாங்குழல் உறை,
கறுப்புக் குடை இரண்டு.
"ஒன்றை எடுத்துக்கொள்ளுங்களேன், மழை விடாது."
"அது வேறு யாருடையதோ."

பிறகு என்னைப் பார்த்து
நான் தட்டாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.
பிடியில் நாய்க்குட்டி கடித்த தடம்.
ஒடிந்த கம்பியில் சிவப்பு நூல்.
பட்டையில் பொத்தான் போய் ஊக்கு மாட்டியது.
விரிக்கும்போது ஒரு சத்தம் வரும்,
கூட்டத்தில் அடக்கிய இருமல் மாதிரி.
எட்டாம் எண் வண்டி, கடைசி இருக்கை.

இவ்வளவையும் அந்தப் பெட்டி தாங்காது,
மூன்று புள்ளியில் நின்றிருக்கும்
என்றுதான் முதலில் தோன்றியது எனக்கு.
அதற்குப் பின்தான் வெட்கம்.

சொல்லிவிட்டேன்.
அதை எழுதியது நான். வெறும் சோதனை.
அப்படி ஒரு குடையே கிடையாது.

அவள் கோபப்படவில்லை.
"பார்க்காமலா,
ஒரு கம்பி ஒடிந்தது உங்களுக்குத் தெரியும்?"

வாஷா நோட்டை மூடி, மறுபடி திறந்து,
பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

மாடிக்கு வந்து ஏழாவது வரியை அழித்தேன்.
சர்வர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.
ஆனால் ஏற்கெனவே பட்டியலைத் திறந்த கைப்பேசியில்
பழைய பட்டியல் அப்படியே நிற்கும்.
விரலால் கீழே இழுத்தால் புதுப்பிக்கும்,
வரி போய்விடும்.
இழுக்காதவரை இருக்கும்.

சன்னலுக்குக் கீழே நிறுத்தத்தில்
திரை வெளிச்சம் தாடையில் விழ நின்றாள்.
கட்டைவிரல் கண்ணாடிக்கு மேலே,
தொடாமல்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
பட்டியல் தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும்:
நாளைய வேலைகளில் அது முதலாவது.
பிடித்து இழுத்துக் கடைசியில் போட்டேன்.
எட்டாம் எண் வண்டி வந்தது.
பையைத் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு
மற்றக் கையில் கைப்பேசியை
நனையாமல் கோட்டுக்குள் வைத்து ஏறினாள்.