படிக்க மட்டும்

க்ரோனிங்கன் பக்கம் ஒரு நீர்வாரியம், இரண்டாம் மாடி.
நாற்பத்து மூன்று மேசைகளுக்கும் ஒரே டெம்ப்ளேட்,
சர்வரில் இருக்கிறது. வாரியச் சின்னம், ஓரம், தேதி.
கண்ட்ரோலோடு கே-யைத் தட்டினால்
என் மேக்ரோ வந்து
‘தங்கள் வாய்க்காலைத் தூர்வார வேண்டுகிறோம்’ என்று
மரியாதையாக எழுதிவிட்டுப் போகும்.
மூலக் கோப்பைப் பூட்டியிருக்க வேண்டும்.
பூட்டவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

செவ்வாய்க்கிழமை காலை
புதுப் பக்கம் திறந்த எல்லோருக்கும்
சின்னத்துக்குக் கீழே காத்திருந்தது:
‘யூரியன், இந்த முறை நான் திரும்பி வரப்போவதில்லை.
நாயை என்ன செய்வதென்று நீயே சொல்.’

நகல் என்று நினைத்து
மூலத்திலேயே எழுதிச் சேமித்திருக்கிறாள் யாரோ.
வலது சொடுக்கினால் பெயர் தெரிந்துவிடும்.
யாரும் சொடுக்கவில்லை என்று நம்புகிறேன்.

ஹார்மென் அழித்தான். வீட்ஸ்கே அழித்தாள்.
கடிதத்துக்குக் கடிதம் அழித்துவிட்டு
மதகுகளைப் பற்றி எழுதினார்கள்.
காபி இயந்திரத்தருகே மழையைப் பற்றிப் பேசினார்கள்.
எழுத்து அரைப் புள்ளி சிறுத்தாலே
என் முன்னால் வந்து நிற்கிறவர்கள்,
இரண்டு நாள், ஒருவர்கூட வரவில்லை.

வியாழக்கிழமை நானாகவே கண்டு
வரியை நீக்கிப் பூட்டினேன்.

அழிக்க மறந்த கடிதம் ஒன்று
தபாலில் போயிருக்கிறது.
வின்சம் ஊர் விவசாயி பதில் போட்டிருந்தார்:
‘வாய்க்காலை அக்டோபருக்குள் வெட்டிவிடுகிறேன்.
நாய் என்ன சாதி? கொட்டகையில் இடம் இருக்கிறது.’

அச்செடுத்தேன்.
எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம்
ஜன்னலோர மேசையில்,
விசைப்பலகைக்கு அடியில்,
எழுத்து கீழே பார்க்க
வைத்துவிட்டு வந்தேன்.