பதினேழு குறைகிறது

மூன்றாம் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு
சி புளோக் கீழே, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில்
ஒரு மடக்கு மேசை விரிகிறது.
ஒரு கால் குட்டை.
அதற்கு அடியில் நாலாக மடித்த பழைய பேப்பர்.
லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யாது.
செந்தூல் பிளாட்டின் பதினான்காம் மாடியிலிருந்து
மருந்துப் பையோடு இறங்கி வருகிறவர்கள்
முதலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள்.
அப்புறம்தான் பை திறக்கும்.

எங்களுக்கு ஒரே ஒரு விதி.
கோகிலவாணி அதை மூன்று மொழியில் எழுதித்
தூணில் ஒட்டினாள்.
தமிழில் மட்டும் ஒரு 'ள்' விழுந்துவிட்டது:
'கேவி கேட்கமாட்டோம்.'
யாரும் திருத்தவில்லை.
கேவிக்கொண்டே வந்தவர்களும் உண்டு.

முட்டி மாற்றிய கூ அங்கிளின் வலி மாத்திரை, இரண்டு அட்டை.
நோர்ஹயாத்தியின் கணவருக்குக் கொடுத்த தூக்க மாத்திரை;
அவர் போய் நாற்பது நாள் கழித்துத்தான்
அந்த அலமாரியைத் திறந்தாராம்.
இருமல் மருந்து அரைப் போத்தல், முக்கால் போத்தல்.
லேபிள் சுரண்டிய காலிப் போத்தல் ஒன்றை
துப்புரவுக்கு வரும் ரஃபிகுல் கொண்டுவந்து வைத்தார்,
படிக்கட்டுக்கு அடியில் கிடந்ததாம்.
பேர் இல்லை அதில்.
எங்கள் எல்லாருக்கும் தெரிந்த
இனிப்பு வாசனை மட்டும் இருந்தது.

கோகிலவாணிக்கு அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் வேலை,
ஞாயிறு அவளுக்கு விடுமுறை.
அவள் லேபிளைப் படிப்பாள். நான் நோட்டில் எழுதுவேன்.
கொடுத்தது எத்தனை, மிச்சம் எத்தனை.
திருடனைப் பிடிக்க இல்லை என்பாள்,
கூரை எங்கே ஒழுகுகிறதென்று தெரிந்தால்தானே
பாத்திரம் வைக்கலாம்.

அப்பாவின் பையை
நாலு ஞாயிறு தள்ளிப்போட்டேன்.
ஐந்தாவதில், கூட்டம் கலைந்த பிறகு,
என் நாற்காலிக்கு அடியிலிருந்தே எடுத்து வைத்தேன்.
கொடுத்தது அறுபது.
ஒன்பது நாளுக்கு ஒன்பது, அதோடு அப்பா போய்விட்டார்.
அவள் விரல்நுனியால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினாள்.
முப்பத்து நான்கு.
மறுபடி எண்ணினாள்.
"பதினேழு குறைகிறது" என்றாள்,
மழை வரும்போல என்று சொல்வதுபோல்.

சிகாம்புட்டில் பார்சல் கிடங்கு.
நாள் முழுக்கத் தூக்குவது.
முதலாவது முதுகுக்காக.
பிறகு தூக்கத்துக்காக.
பிறகு, எதற்கென்று கேட்டால்,
அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதற்காக.
அப்பாவின் பேர் போட்ட உறையிலிருந்து
நான் எடுத்தபோதெல்லாம்
அவருக்கே ஊட்டுவதுபோல
அரை டம்ளர் தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டேன்.
அதை ஏன் அப்படிச் செய்தேனோ, இன்றுவரை புரியவில்லை.

விதிப்படி அவள் கேட்கவில்லை.
பேனா என் கையில் இருந்தது.
17 என்று எழுதினேன்.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
கையெழுத்துப் போடுகிற மாதிரி
என் பேரை எழுதினேன்.

அவள் நோட்டை மூடி
ஆறிப்போன கோப்பி பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
கேட்டுக்கு வெளியே ரயில் ஒன்று போய் முடிந்தது.
"சூராவுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது.
ஆறேழு பேர் உட்காருகிறோம்.
செவ்வாய்க்கிழமை" என்றாள்.
நான் சிரித்துவிட்டேன். ஏனென்று அவளுக்குத் தெரியாது.
எல்லாச் செவ்வாயும் போகிறேன் என்று சொல்லமாட்டேன்.

இன்றைக்கு மூன்றாம் ஞாயிறு.
பள்ளிச் சப்பாத்து போட்ட பையன் ஒருவன்
தூணுக்குப் பக்கத்தில் வெகுநேரமாக நிற்கிறான்.
வலது கை சட்டைப்பைக்குள்.
எழுத்துப் பிழையை மூன்றாவது தடவை படிக்கிறான்.

மேசைக்கால் ஆடவில்லை.
ஆனாலும் குனிந்து
அந்தப் பேப்பரை எடுத்து, பிரித்து,
மெதுவாக
மறுபடி மடிக்கிறேன்.