ஒரு சோடி

பைக் இரண்டு. ஹெல்மெட் இரண்டு.
தலையில் மட்டும் பங்கு இல்லை என்று
றெஜீபன் முதலே சொல்லிவிட்டான்.
கண்ணாடி, நெல்லியடி வெல்டிங் கடையில் கேட்டு வாங்கியது;
அதற்குள்ளால் பார்த்தால்
மத்தியானமே மைம்மலாகும்.
சப்பாத்து, மச்சான் பேர்கனிலிருந்து அனுப்பியது.
இரண்டு இலக்கம் பெரிது,
முன்னுக்குப் பழைய பேப்பர் அடைந்திருக்கிறேன்.
கியர் மாற்றும்போதெல்லாம்
யாரோ ஒருவரின் மரண அறிவித்தல்
பெருவிரலுக்குக் கீழே கசங்கும்.

முழங்கால் கவசம்தான் ஒரே ஒரு சோடி.
வலது எனக்கு, இடது அவனுக்கு.

அதனால் மணற்காட்டில்
விழுவதையும் பழகவேண்டியிருந்தது:
நான் வலப்பக்கம், அவன் இடப்பக்கம்.
சவுக்குகளுக்கு நடுவால் முறுக்கி ஏறி
மேட்டின் விளிம்பில் முன்சில்லு தூக்கும்போது
கடல் ஒருதரம் எட்டிப் பார்க்கும்.
அப்போதும் உடம்பு யோசிப்பது
எந்தக் கால் என்று மட்டும்தான்.

மணலுக்கு எங்கள் கணக்குத் தெரியாது.
போன ஞாயிறு
உள்ளே புதைந்து கிடந்த வேலிக்கம்பி ஒன்று
அவனை வலப்பக்கமாய்ச் சரித்தது.

மந்திகை ஆஸ்பத்திரி. ஒன்பது தையல்.
தாதி ஊசியை நிறுத்திவிட்டு,
"காயம் இந்தக் காலில்,
கவசம் ஏன் தம்பி மற்றக் காலில்?" என்றார்.
பிறகு என் வலக்காலைப் பார்த்தார்.
மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை இரண்டையும்
அவன் வீட்டுப் படலையில் கொழுவிவிட்டு
ஹோர்ன் அடிக்காமல் வந்துவிட்டேன்.

பின்னேரம் ஃபோன் எடுத்தான்:
"டேய், கையுறை ஒரு சோடி வருகுதாம்.
உனக்கு எந்தக் கை வேணும்,
கிளச்சா, அக்சிலேற்றரா?"