சத்தியமாக கேமரா இல்லை

சீசன் முடிந்த வாரம்.
ஏழுரோட்டுச் சரிவில் லாட்ஜ் மேசைக்குப் பின்னால்
நானும் ஒரு ஹீட்டரும்.
ஹீட்டர் வேலை செய்யாது. நான் செய்வேன்.

நனைந்த கோட்டோடு வந்தாள்,
பெட்டியில் பாதி சக்கரம்.
ஒரு விரல் தூக்கி "ஊனா கேமரா" என்றாள்.
அப்புறம் "ஊனா நோத்தே."

கேமராவும் நோட்டும்.
நோட்டு பக்கத்துக் கடையில் கிடைக்கும்.
கேமராவுக்கு முதலாளி உத்தரவு இருக்கிறது,
இன்ஸ்பெக்டர் வந்துபோன நாளிலிருந்து:
கேட்டாலும் கேட்காவிட்டாலும் இல்லையென்று சொல்.

நோ கேமரா, மேடம்.

அவள் சாவிப் பலகையைப் பார்த்தாள்.
பதினாலு ஆணியில் பதினோரு சாவி.
"நோ கேமரா?"
பாத்ரூமில்கூட இல்லை, மேடம். காட் பிராமிஸ்.
தொண்டையைக் கிள்ளிக் காட்டினேன்.

மறுபடி சாவிகளைப் பார்த்தாள், பிறகு என்னை.
அந்த முகத்தை எனக்குத் தெரியும்.
திண்டுக்கல்லில் 'வீடு வாடகைக்கு' என்று
அட்டை தொங்கும் கேட்டுக்கு வெளியே
"ஆள் வந்துட்டாங்கம்மா" என்ற பதிலுக்குப் பிறகு
என் அக்காவுக்கு இருந்த முகம்.
வெள்ளைத்தோலில் அதை முதன்முறை பார்க்கிறேன்,
ஏனென்று தெரியாமலே பார்க்கிறேன்.

பெட்டி கரகரவென்று மஞ்சுக்குள் போனது.

பத்து நிமிஷத்தில் நாக்பூர் பைக்குகள் இரண்டு.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன்,
"மேடம், கம்ரா ஹை க்யா?"
ஹை, என்றேன்.
திறந்த வாய் மூடவில்லை.
கம்ரா.
கேமரா.

குடையை எடுத்தேன், செருப்பை மறந்தேன்.
பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
இரு கையாலும் கிளாஸைப் பொத்தியபடி நின்றிருந்தாள்.
"கேமரா இருக்கு!" என்று கத்தினேன்,
"பதினோரு கேமரா இருக்கு!"
டீ ஆற்றிக்கொண்டிருந்த ரபேல் அண்ணன்
கை நின்று
தன் கடைக் கூரையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

பாசி ஆராய்ச்சிக்காரியாம். பேர் ஒர்ஸோலா.
ராத்திரி கரண்ட் போனபின்
பழைய பில்லின் முதுகில் ஒரு வளைவு வரைந்தாள்.
முதலில் இதுதான், வளைந்த கூரை, என்றாள்.
கூரைக்கடியில் இருந்த இடமும் அதே பேர் வாங்கிக்கொண்டது.
பிரெஞ்சுக்காரர் நாக்கில் 'ஷாம்ப்ர்' என்று நசுங்கியது.
போர்த்துகீசியர் கப்பலில் ஏற்றிவந்து
வடக்கே இறக்கினார்கள், அதுதான் உன் கம்ரா.
எவனோ ஓர் இருட்டறையின் சுவரில் துளை போட்டான்,
வெளியே நின்ற மரம் உள்ளே தலைகீழாக விழுந்தது.
அறை சுருங்கிச் சுருங்கிப் பெட்டியாகி
இங்கிலீஷ்காரன் கையில் கண்ணானது.

எங்களிடமும் உண்டு, என்றேன்.
'ஓர் அறை கொடுங்கள்' என்று
போன வருஷம் ஒரு பெல்ஜியத்துப் பையன்
புத்தகத்தமிழில் கேட்டான்.
கன்னத்தைக் காட்டச் சொன்னேன்.
நடித்துக் காட்டியதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை,
மெழுகுவத்தி அணைந்தது.

இருட்டில் இன்னொன்றும் சொன்னாள்.
காம்ரேட் என்றால்
ஒரே அறையில் படுத்துறங்கியவன், அவ்வளவுதான்.
கொடியெல்லாம் பிற்பாடு.

மாடிப்படிக்கடியில் எங்கள் ரூம்பாய்கள் நாலு பேர்,
இரண்டு பாய், மூன்று கம்பளி.
அவர்களுடைய குறட்டை மேசைவரை கேட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை முதலாளி வந்தார்,
கூடவே ஏணியோடு ஓர் ஆள்.
டவல் இரண்டு குறைகிறதாம்.
படிக்கடியில் ஒன்று மாட்டணும், பசங்க படுக்கிற இடத்தில்.

ரூமுக்குள்ள ரூமை எப்படிண்ணே மாட்டுவீங்க, என்றேன்.
என்னது?
இங்க நோ கேமரா, என்றேன். காட் பிராமிஸ்.
தொண்டையைக் கிள்ளிக்கொண்டு
கதவுக்கு முன்னால் நின்றேன்.
உள்ளே குறட்டை ஒன்று நின்றது, அப்புறம் இன்னொன்று.

ஏணிக்காரன் டிரில்லைக் கையில் பிடித்தபடி
பிளக் பாயிண்ட் எங்கே இருக்கு, அக்கா
என்று கேட்டுக்கொண்டிருந்தான்.