இலை விலை

அதிகாலை மூன்றரை. செலாயாங் மொத்தச் சந்தை.
நேற்று கட்டு பதினோரு வெள்ளி,
இன்று பதினாறு.
காரணம் கேட்கவில்லை. கேட்டால் ஆ லெங்
தோளைக் குலுக்குவான். அவனுக்கு விற்றவனும்
குலுக்கித்தான் விற்றிருப்பான்.
பெந்தோங் சரிவில் காற்று புகுந்து
தோட்டம் முழுக்க நார்நாராய்க் கிழிந்திருக்கலாம்.
கிள்ளானில் யாரோ மூவாயிரம் பேருக்குப்
பந்தி விரிக்கலாம்.
எனக்குத் தெரியாது.
பதினாறுக்குத் தெரியும்.

பத்து மணிக்குள் பிரிக்பீல்ட்ஸில்
ஒரு கடை நீள இலையை இரண்டாக நறுக்குகிறது.
இன்னொன்று தோசைக்குத் தட்டு எடுக்கிறது.
கோயில் அன்னதானக்காரர் மட்டும்
வைதுகொண்டே முழுக் கட்டும் வாங்குகிறார்.
யாரும் கூட்டம் போடவில்லை, சுற்றறிக்கை இல்லை,
பெந்தோங் எந்தத் திசை என்றுகூடச் சிலருக்குத் தெரியாது.
காற்று மட்டும் எல்லார் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

என்னைக் கொள்ளைக்காரி என்றார் ஒருவர்.
ஐந்து வெள்ளி ஏற்றத்தில் எனக்கு நின்றது எண்பது காசு.
ரசீதைக் காட்டவில்லை.
காட்டினால் நாளைக்கு அவரே ஆ லெங்கிடம் போவார்.

ஆரம்பத்தில் கம்பெனி கிடையாது. நானும் ஒரு போனும்.
தினம் ஒரு லோரி, தினம் ஒரு பேரம்.
மழையென்றால் இருபது கூட,
நெரிசலென்றால் பத்து.
துடைத்து அடுக்க வருபவள்
பக்கத்துச் சந்தில் ஐம்பது காசு கூடக் கிடைத்தால்
பாதிக் கட்டை அப்படியே விட்டுப் போய்விடுவாள்.
ஒரு மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன்:
இலைக்குப் போனதற்குக் கிட்டத்தட்டச் சமமாகப்
பேச்சுக்குப் போயிருந்தது.
அன்றுதான் லோகேஸ்வரனை மாதச் சம்பளத்துக்கு எடுத்தேன்.
பெயர்ப்பலகை பிறகுதான் வந்தது. கம்பெனி என்பது
"தம்பி, அதை இப்படி வை" என்றால்
"எவ்வளவு தருவீங்க?" என்று பதில் வராத
நாலு சுவர்.

அப்புறம் குளிர் அறை.
என் நகையும் வங்கியின் சந்தேகமும் சேர்ந்து
அறுபத்தெட்டாயிரம்.
பதின்மூன்று டிகிரி. கீழே போனால் இலை கறுக்கும்,
மேலே போனால் மஞ்சளாகும்.
மீனுக்கு அது வெயில். ஐஸ்கிரீமுக்கு அது சாவு.
முதல் என்றால் பணம் என்றிருந்தேன்.
பணத்துக்குக் கால் உண்டு.
தகடாகி, குழாயாகி, மோட்டாராகிவிட்டால்
அது இலைக்காகவே நிற்கும்,
இலை வராத நாளிலும்.

ஐந்தாம் வருடம் லோகேஸ் சொல்லிவிட்டுப் போனான்.
துரோகம் என்றாள் என் தங்கை.
இல்லை. தினமும் நான் கடந்துபோன ஒன்றை
அவன் நின்று பார்த்திருக்கிறான்:
ஒவ்வொரு கடையின் பின்கட்டிலும்
ஓர் ஆள், காலையில் இரண்டு மணி நேரம்,
இலையைத் துடைக்கிறான், வெட்டுகிறான், ஓரத்தை எறிகிறான்.
லோகேஸ் அந்த இரண்டு மணி நேரத்தை விற்றான்.
தட்டளவுக்கு வெட்டி, ஐம்பது ஐம்பதாகக் கட்டி.
என் நோட்டில் ஏழு கடைகள் குறைந்தன.
அறை பாதி காலி.
மோட்டார் மட்டும் முழுதாக ஓடியது.

ஒரு புதன்கிழமை வந்து நின்றான்.
வெட்டிய இலை ஒரே நாளில் சுருண்டுவிடுகிறதாம்.
"அக்கா, வலது பக்க ரேக் சும்மாதானே கிடக்கு?
மாசம் எவ்வளவு?"

அறை கட்டிய செலவு தெரியும்.
வங்கிக்கு இன்னும் கட்டவேண்டியது தெரியும்.
அவன் கேட்டது இரண்டையும் அல்ல.
அவன் இலை அடுத்த மாதம் எத்தனை கடைக்குப் போகும்
என்பதைக் கேட்டான்.
அது அவனுக்கும் தெரியாது.

கதவைத் திறந்தேன். குளிர் இருவர் முகத்திலும் அடித்தது.
ஒரு எண் சொன்னேன்.
சிரித்தான். அவனும் ஒரு எண் சொன்னான்.
பேச்சுக்கு மறுபடியும்
காசு போய்க்கொண்டிருந்தது,
திறந்த கதவு வழியாக.