எர்த்துக்கு ஒரு குடம்

ஸ்பீக்கர் இரண்டும் வேனில் வந்து இறங்கிய அன்று
தேவகோட்டையில் எங்கள் வழக்குக்கு வாய்தா.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே விடுப்பு எழுதினேன் வங்கியில்.
காரணம்: சொந்த வேலை.

பள்ளத்தூர் வீட்டில் எனக்குப் பிரிந்தது
வளவின் தெற்குப் பக்கம், ஓர் இரட்டை,
தூண் மூன்றரை.
அந்த அரைத் தூணைத் தொட்டு
கோர்ட் கமிஷனர் இழுத்த சிவப்புக் கோடு
பூக்கல் நடுவே ஓடுகிறது.
கோட்டுக்கு அப்பால் வயிரவன்,
பெரியப்பா மகன்.
ஆறு வருடமாக இருமல் மட்டும் கேட்கும்.

அடைக்கலம் வந்ததும் பெட்டியைத் தொடவில்லை.
கையை ஒருமுறை தட்டினார்.
சத்தம் மேலே போய்
முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் வழுக்கி
தூணையெல்லாம் சுற்றி
தட்டியது யாரென்று விசாரித்தபடி திரும்பியது.
"இந்த வீட்டுல ஒருத்தர் பேசினா
நாலு பேர் பேசுன மாதிரிதான் ஆச்சி."
எனக்குத் தெரியாததா.
ஜமக்காளம் இரண்டும் இலவம்பஞ்சு மெத்தையும்
சுவரேறின.

தேக்கு அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்
கதவைச் சாத்தப் போனேன்.
"மூச்சு முட்டிச் செத்துரும்.
பின்னால ஒரு சாண், மேல ஒரு சாண் விடுங்க."
மேலே விரிக்க வைத்திருந்த குரோஷா துணியை
மடித்து என் கையிலேயே தந்தார்.

ஒயரின் தோல் சீவி,
செம்புப் பிசிறு ஒன்றும் வெளியே நீளாமல் முறுக்கி,
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
எல்லாம் மாட்டிய பிறகே பிளக்.
வால்யூம் பூஜ்யத்தில் இருந்தால்தான் சுவிட்ச்.
இடி இடித்தால் பிளக்கையே உருவணும்,
சுவிட்சை நம்பக் கூடாது.

"இடையில எட்டடி வேணும்," என்றார்.
இரட்டைக் கதவு போக எனக்கு நாலடிதான்.

போட்டோம்.
பாட்டுக்கு முன்னால் ஒரு ரீங்காரம்,
பானைக்குள் வண்டு புகுந்த மாதிரி.
ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே
டெஸ்ட் விளக்கை வைத்தார்.
எரியவில்லை.
"எர்த் செத்துக் கெடக்கு.
சில பேர் மூணாவது காலை வெட்டிட்டு ஓட்டுவாங்க.
ஒருநாள் பெட்டியைத் தொட்டவங்க எந்திரிக்க மாட்டாங்க.
குழி எங்க இருக்கு?"

இரண்டாம் கட்டுக்குப் பின்னால்,
கிணற்றுக்கும் முருங்கைக்கும் இடையில்.
கோட்டுக்கு அந்தப் பக்கம்.

மண்ணுக்காக ஆறு வருடம் வாதாடியவர்கள்
அந்த மண்ணுக்கு ஒரு குடம் ஊற்றவில்லை.
அவன் வீட்டு கிரைண்டரும் தொட்டால்
சுரீரென்றிருக்கும் இத்தனை நாள்.
சொல்லவில்லை.
நானும்தான்.

கோட்டின் மேல் நின்று கூப்பிட்டேன்:
"எர்த்துக்குத் தண்ணி ஊத்தணும்."
இருமல் நின்றது.
"உப்பும் போடணும்," என்றது கதவு.
சற்றுக் கழித்து ஒரு படி கல்லுப்பு
நிலைப்படியில் இருந்தது, ஆள் இல்லை.

மூன்று குடம் குடித்தது குழி.
வண்டு பறந்துவிட்டது.

மறுநாள் வங்கி விட்டு வந்தால்
இடது பெட்டி கோட்டைத் தாண்டி நாலடி உள்ளே.
ஒயரை நீட்டி, டேப் சுற்றி,
கால் தடுக்காமல் சுவரோரமாக விட்டிருந்தது.
பிளக்கை உருவி
என் கண்ணில் படும்படி ஸ்டூல் மேல்.

போட்டேன்.
பாடுகிறவள் எங்கேயும் இல்லை.
குரல் சுவரில் மெழுகினாற்போல் பரவி,
மிருதங்கத்தின் தொப்பி வற்றிப்போய்.
பின்னால் எட்டிப் பார்த்தால்
சிவப்பில் கறுப்பு, கறுப்பில் சிவப்பு.
எதிர்வாதி, வேறெப்படி மாட்டுவான்.

வால்யூம் இறக்கி, அணைத்து, உருவி, மாற்றினேன்.
இரண்டு பெட்டிக்கும் சம தூரம் தேடி
நாற்காலி நகர்ந்து நகர்ந்து
கோட்டின் மேல் வந்து நின்றது,
இரண்டு கால் அங்கே, இரண்டு இங்கே.

இடப்பக்கம் மிருதங்கம். வலப்பக்கம் வயலின்.
அவள்,
பெட்டியே இல்லாத நடுவில்,
அரைத் தூணில் சாய்ந்துகொண்டு பாடினாள்.

அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி இழுபட்டது.
"கொஞ்சம் கம்மியா வை. காது போயிரும்."
கம்மி பண்ணினேன்.

அடுத்த வாய்தா பதினேழாம் தேதி.
இடது பெட்டி யார் பங்கில் வரும் என்று
வக்கீலிடம் இன்னும் கேட்கவில்லை.